பிஸ்கட்டுக்கு உள்ள சட்டம் காருக்கு ஏன் இல்லை?

வடசென்னை எம்.கே.பி. நகரில் ஒரு வீட்டு வாசலில் புது கார் வந்து நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஏலச்சீட்டு எடுத்த பணம் இருக்கும். அடகுக் கடைக்குப் போன நகை இருக்கும். ஐந்து வருஷம் கட்ட வேண்டிய தவணை இருக்கும். வாங்குகிறவர்களில் பலர் கால் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர்கள். துறைமுகத்திலோ மணலி ஆலைகளிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவின் பி.எஃப். பணத்தை முன்பணமாகக் கட்டி வண்டி எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாக கார் வாங்கும் தலைமுறை இது. வீட்டுக்கு அடுத்தபடியாக இவர்கள் வாழ்நாளில் வாங்கும் பெரிய பொருள் அதுதான்.

அந்தப் பொருளின் விலை என்ன என்று கேட்டால் ஒரே பதில் கிடைப்பதில்லை. ஒரே நாளில், ஒரே ஷோரூமில், ஒரே மாடலை வாங்கிய இருவர் பிறகு பேசிக்கொள்ளும்போதுதான் ஒருவர் மற்றவரைவிடப் பல ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தது தெரியவருகிறது. ‘அவருக்குப் பேரம் பேசத் தெரிந்தது, இவருக்குத் தெரியவில்லை’ என்று நாமும் அதைச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம்.

பெட்டிக்கடையில் விற்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்க வேண்டும். எடையும் தயாரித்த மாதமும் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள் கடை கடையாகப் போய் இதைச் சோதிக்கிறார்கள். எட்டு லட்ச ரூபாய் கார் பொட்டலத்தில் வருவதில்லை. ஆகவே அந்த விதி அதற்குப் பொருந்தாது. வாங்குகிறவர் கடைசியாகக் கொடுக்க வேண்டிய தொகையை வண்டியின் மேல் எழுதி ஒட்டவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. இந்தக் குறையின் சுமையை அதிகம் தாங்குகிறவர்கள், ஷோரூம் நாற்காலியில் தயங்கி உட்காரும் எளிய மனிதர்கள்.

கொட்டேஷன் தாளை விரித்துப் பார்ப்போம்

ஷோரூமில் கையில் தரும் கொட்டேஷன் தாளில் மேலே ‘எக்ஸ்-ஷோரூம்’ விலை இருக்கும். கீழே ‘ஆன்-ரோடு’ விலை இருக்கும். நடுவில் உள்ள ஏழெட்டு வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. அந்த வரிகள் எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே கட்டத்தில், எல்லாமே கட்டாயம் என்பதுபோல அச்சாகியிருக்கும். உண்மையில் அவற்றில் சில அரசு நிர்ணயித்தவை. சில பேசிக் குறைக்கக்கூடியவை. சில கொடுக்கவே தேவையில்லாதவை.

முதல் வரி, எக்ஸ்-ஷோரூம். இதில் ஜிஎஸ்டி அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு, அதாவது நான்கு மீட்டர் நீளத்துக்குள் 1,200 சிசி வரையிலான பெட்ரோல், 1,500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கு, வரி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ்ஸையும் சேர்த்து 29 முதல் 31 சதவீதம் வரை இருந்தது. வரிக்கு முந்தைய விலை ஐந்து லட்சமாக உள்ள ஒரு பெட்ரோல் காரின் விலை 6,45,000 ரூபாயிலிருந்து 5,90,000 ஆக இறங்க வேண்டும். நிறுவனங்கள் புதிய விலையை மாடல்வாரியாகப் பத்திரிகைகளில் வெளியிட்டன. ஊரறிய வெளியான விலை என்பதால், பட்டியல் விலையில் அந்தக் குறைப்பை மறைப்பது கடினம்; பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் பட்டியல் விலை ஒன்றே. விலையை வெளிப்படையாக வைத்தால் எளியவர் ஏமாறும் வாய்ப்பு குறையும் என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது வரி, ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதை உயர்த்தியது. ஐந்து லட்சம் வரை 12 சதவீதம். பத்து லட்சம் வரை 13. இருபது லட்சம் வரை 18. அதற்கு மேல் 20. எட்டு லட்ச ரூபாய் காருக்கு 1,04,000 ரூபாய். இதில் பேரத்துக்கு இடமில்லை. ஆனால் கவனத்துக்கு இடமுண்டு. 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் காருக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் அதிகமுள்ள வேரியன்ட்டுக்கு மாறச் சொல்லும்போது, வரியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுவதை விற்பனையாளர் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது வரி, இன்சூரன்ஸ். பெரும்பாலோர் ஏமாறும் இடம் இது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புது தனியார் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் கட்டணம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி 1,000 முதல் 1,500 சிசி வரையிலான தனியார் காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 10,640 ரூபாய், வரி தனி. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டுக் கட்டணமும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) போன்ற கூடுதல் பாதுகாப்புகளின் கட்டணமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஷோரூம் சொல்லும் தொகைக்கும் வெளியில் கிடைக்கும் தொகைக்கும் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வருவது சகஜம். எங்கே காப்பீடு எடுப்பது என்பது வாங்குகிறவரின் உரிமை. டீலர் தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. ஆனாலும் “வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்” என்ற வாக்கியம் இன்னும் ஷோரூம்களில் ஒலிக்கிறது. கையிலிருந்து பணம் கட்டாமல் வண்டியைப் பழுது பார்த்துக்கொள்ளும் கேஷ்லெஸ் வசதி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்தப் பட்டறைக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது வரி, ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’. சில இடங்களில் ‘லாஜிஸ்டிக்ஸ்’, ‘டெப்போ சார்ஜ்’ என்ற பெயரில் வரும். கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டு வருவதற்காம். விற்கிற பொருளைத் தன் கடைக்குக் கொண்டு வருவது விற்பவரின் செலவு. மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படி ஒரு கட்டணமே கிடையாது. 2019-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், அதே மாநிலத்தில் பதிவாகும் புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பம் கொடுக்கும் பொறுப்பையும் டீலரிடமே ஒப்படைத்திருக்கிறது. ஆகவே பதிவுச் செலவு என்று ஒரு மொத்தத் தொகை போட்டிருந்தால், அரசுக்குக் கட்டிய ரசீது எவ்வளவு என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

அடுத்து வருபவை: நீட்டிக்கப்பட்ட வாரண்டி, ஆக்சஸரீஸ் கிட், டெஃப்லான் கோட்டிங், லாயல்டி கார்டு. இவை எல்லாமே விருப்பம் சார்ந்தவை. சில பயனுள்ளவையும்கூட. ஆனால், கேட்காமலே தாளில் ஏற்றிவிட்டு, ‘எடுக்கலாமா?’ என்று நாம் கெஞ்ச வேண்டிய நிலையை உண்டாக்குவது சரியல்ல. வாடிக்கையாளர் கேட்ட பிறகே அந்த வரி தாளில் ஏற வேண்டும். இவற்றிலிருந்து வேறுபட்டது டிசிஎஸ்: பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விற்பவர் வசூலிக்கும் இந்த ஒரு சதவீத வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டலாம், திரும்பவும் பெறலாம். இதைச் சொல்லாமல் விடுவதால் அந்தப் பணத்தைக் கைவிட்டவர்கள் உண்டு.

தவணைக்குள் ஒளிந்திருக்கும் விலை

எளிய குடும்பத்துக்கு காரின் விலை பெரும்பாலும் மாதத் தவணையாகவே அறிமுகமாகிறது. “மாசம் எவ்வளவு கட்ட முடியும்?” என்பதுதான் மேஜையில் விழும் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் விலைப்பேச்சு முடிந்துவிடும். பிறகு தவணைக்காலத்தை நீட்டி, எந்த விலையையும் அந்தத் தொகைக்குள் அடக்கிவிடலாம்.

ஐந்து லட்ச ரூபாய் கடன், ஐந்து ஆண்டு, பத்து சதவீத வட்டி. இதையே ‘ஃப்ளாட்’ முறையில் கணக்கிட்டால் மாதம் 12,500 ரூபாய். மொத்த வட்டி 2,50,000. குறையும் நிலுவைக்கு வட்டி என்ற முறையில் கணக்கிட்டால் மாதம் சுமார் 10,624. மொத்த வட்டி சுமார் 1,37,000. இரண்டு முறையிலும் வாயால் சொல்வது பத்து சதவீதம்தான். ஃப்ளாட் முறையில் வாங்கியவர் உண்மையில் கட்டுவது 17 சதவீதத்துக்கும் மேல். டாக்ஸிக்காக நிதி நிறுவனங்களிடம் கடன் வாங்கும் ஓட்டுநர்களுக்கு இந்தக் கணக்கு பல மாதம் கழித்துத்தான் உறைக்கிறது.

2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைத் தர வேண்டும், அது கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இது பொருந்தும். தமிழில் கொடுங்கள் என்று கேட்கும் உரிமை எம்.கே.பி. நகர் ஓட்டுநருக்கு இருக்கிறது. அதைப் பலரும் அவருக்குச் சொல்லவில்லை.

பேரம் யாரைத் தண்டிக்கிறது?

பேரம் நம் பண்பாடுதானே, அதில் என்ன தவறு என்று கேட்கலாம். வடசென்னைக்காரர்களுக்குப் பேரம் புதிதல்ல. காசிமேட்டில் விடியற்காலையில் நடக்கும் மீன் ஏலத்தில் விலை உரக்கக் கூவப்படுகிறது. பக்கத்தில் நிற்பவர் என்ன விலைக்கு எடுத்தார் என்பது எல்லோர் காதிலும் விழுகிறது. கார் ஷோரூமில் நடப்பது கண்ணாடி அறைக்குள் நடக்கும் பேச்சு. பக்கத்து மேஜைக்காரருக்கு என்ன தள்ளுபடி கிடைத்தது என்று நமக்குத் தெரியாது. ‘மேனேஜரிடம் கேட்டு வருகிறேன்’ என்று எழுந்து போகிறவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியாது. ஒரு தரப்புக்கு மட்டும் எல்லாம் தெரிந்த பேச்சு, பேரம் என்ற பெயருக்கே தகுதியற்றது.

இந்த முறை யாரைத் தண்டிக்கிறது என்பதை அமெரிக்காவில் ஒருவர் சோதித்தே பார்த்தார். சட்டப் பேராசிரியர் இயன் ஏர்ஸ், சிகாகோ பகுதி கார் ஷோரூம்களுக்கு ஆட்களை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி பேச்சு, ஒரே பேர உத்தி. வேறுபட்டவை நிறமும் பாலினமும் மட்டுமே. 1991-இல் வெளியான அந்த ஆய்வின்படி, வெள்ளைக்கார ஆண்களிடம் கேட்ட லாபத்தைவிட வெள்ளைக்காரப் பெண்களிடம் 40 சதவீதம் அதிகமாகக் கேட்டார்கள். கறுப்பின ஆண்களிடம் இரு மடங்குக்கு மேல். கறுப்பினப் பெண்களிடம் மூன்று மடங்குக்கு மேல். எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். ஆகவே விலையை முடிவு செய்தது பேச்சுத் திறமை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த ஊரில் நிறம் செய்த வேலையை நம் ஊரில் உடை செய்கிறது, பேசும் தமிழ் செய்கிறது, முகவரி செய்கிறது. வியாசர்பாடி என்று சொன்னதும் கடன் விண்ணப்பம் தயங்கி நிற்கும் அனுபவம் இந்தப் பகுதியில் பலருக்கும் உண்டு. மனைவி பெயரில் வண்டி எடுக்கப் போனால், பணம் கட்டப்போகும் அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் ஆணிடமே விலை பேசுவார்கள். கேள்வி கேட்டால் ‘இவங்களுக்கு என்ன தெரியும்’ என்ற பார்வை விழுமோ என்று கூச்சப்பட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலம் பேசும் ஐ.டி. ஊழியருக்குக் கிடைக்கும் ‘கார்ப்பரேட் டிஸ்கவுன்ட்’, நாள் முழுக்க வண்டியிலேயே உழைக்கும் ஓட்டுநருக்கு ஏன் இல்லை?

இத்தனைக்கும் இந்தியக் கார்த் தொழிலின் வேர்களில் ஒன்று இந்த மண்ணில்தான் இருக்கிறது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. அதுவே பின்னர் அசோக் லேலண்ட் ஆனது. இன்றைக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்தும் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. அந்தத் துறைமுகங்களை நம்பி வாழும் மக்கள், ஷோரூமில் சந்தேகத்துக்குரிய விருந்தாளிகள்போல நடத்தப்படுவதை ஏற்க முடியாது.

டீலர் தரப்பு நியாயமும் உண்டு

விற்பனையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. மேஜைக்கு அந்தப் பக்கம் டை கட்டி உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைதான். அவருடைய ஊக்கத்தொகை, எத்தனை இன்சூரன்ஸ், எத்தனை கடன், எத்தனை ஆக்சஸரீஸ் தள்ளினார் என்பதைப் பொறுத்து அமைகிறது. டீலருக்கு வண்டி விற்பனையில் கிடைக்கும் லாப விகிதம் குறைவு. கையிருப்பு வண்டிகளுக்கு அவரும் வட்டி கட்டுகிறார். ஆகவே கொட்டேஷன் தாளின் மற்ற வரிகளில் கை வைக்கிறார்.

தள்ளுபடி தர டீலர் நினைத்தாலும் கை கட்டப்பட்டிருக்கலாம். 2021 ஆகஸ்ட் 23 அன்று மாருதி சுசுகி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று நிறுவனம் கட்டுப்படுத்தியது, வாடிக்கையாளர்போல ஆட்களை அனுப்பி வேவு பார்த்தது, மீறிய டீலருக்கும் விற்பனை ஊழியருக்கும்கூட அபராதம் போட்டது என்று ஆணையம் தன் உத்தரவில் சொன்னது. அந்த உத்தரவுக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. இதே போன்ற குற்றச்சாட்டில் 2017-இல் ஹூண்டாய்க்கு விதித்த 87 கோடி ரூபாய் அபராதத்தைத் தீர்ப்பாயம் 2018-இல் ரத்தும் செய்தது. சட்டப்போராட்டம் எப்படிப் போனாலும் ஒன்று தெளிவு: விலை எங்கே முடிவாகிறது என்பது வாங்குகிறவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. டீலருக்கு நியாயமான லாபம் வேண்டும். அந்த லாபம் தாளில் தெரியும்படி இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

கார் விலையை அரசே நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1969-இல் மத்திய அரசு அப்படிச் செய்து பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அம்பாசடருக்கும் பியட்டுக்கும் மக்கள் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. அந்தக் காலம் திரும்ப வேண்டாம். விலையை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்பதே கோரிக்கை.

அமெரிக்காவில் 1958-இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த அந்தச் சட்டத்தின்படி, ஒவ்வொரு புது காரின் கண்ணாடியிலும் நிறுவனம் பரிந்துரைக்கும் விலை, கூடுதல் வசதிகளின் விலை, கொண்டுவரும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி ஒட்ட வேண்டும். ஆனால், சிகாகோ ஆய்வு நடந்தது அந்தச் சட்டத்துக்கு முப்பது ஆண்டுக்குப் பிறகு என்பதையும் மறக்கக் கூடாது. பட்டியல் விலை மட்டும் ஒட்டினால் போதாது. இறுதித் தொகையும் தள்ளுபடியும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

ஆகவே நம் சட்டம் இன்னும் ஓரடி முன்னே போகட்டும். ஒவ்வொரு ஷோரூமும் ஒரே வடிவத்தில் கொட்டேஷன் தர வேண்டும், தமிழில் தர வேண்டும். ‘அரசுக்குக் கட்டுவது’, ‘கட்டாயம்’, ‘விருப்பம்’ என்று மூன்று கட்டமாகப் பிரித்திருக்க வேண்டும். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும். ஏனென்றால் போன ஆண்டுத் தயாரிப்பை இந்த ஆண்டு வாங்குகிறவருக்கு, மறுவிற்பனையில் ஓராண்டு மதிப்பு அப்போதே போய்விடுகிறது. நடப்பு மாதத்தின் தள்ளுபடிகள் எல்லாம் ஷோரூம் வாசலில் பலகையில் எழுதப்பட வேண்டும். பதிவு செய்யும் அதிகாரம் கையில் உள்ள போக்குவரத்துத் துறை நினைத்தால், டீலர்களுக்கு இதை ஒரு நிபந்தனையாக்க முடியும்.

சட்டம் வரும்வரை வாங்குகிறவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தின் மூன்று டீலர்களிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். மாதத் தவணையைப் பற்றிப் பேசும் முன் வண்டி விலையை முடியுங்கள். அதன் பிறகு இன்சூரன்ஸ். அதன் பிறகு கடன். பழைய வண்டியின் எக்ஸ்சேஞ்ச் கடைசியில். நான்கையும் ஒன்றாகக் கலந்தால், ஒன்றில் கொடுத்ததை இன்னொன்றில் எடுத்துவிடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வண்டி எடுக்கத் தயங்குவதால் அந்த மாதங்களில் ஷோரூம்கள் இறங்கி வரும். மாதக் கடைசியிலும் மார்ச் கணக்கு முடிவிலும் அப்படியே. நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுப்பவர்கள், விலையை அதற்கு முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளலாம். முழுப் பணம் கட்டும் முன் யார்டுக்குப் போய் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே எண் பில்லில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். “இன்னிக்கு புக் பண்ணினா மட்டும்தான் இந்த ஆஃபர்” என்றால், அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

தேவையில்லாத கட்டணம் வசூலித்தால் ரசீதோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஐம்பது லட்சம் வரையிலான வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வடசென்னைக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. வக்கீல் இல்லாமலும் வழக்குத் தொடுக்கலாம்.

ஜிஎஸ்டி குறைந்தபோது புதிய விலையை ஊரறிய வெளியிட முடிந்தவர்களால், எல்லோருக்கும் ஒரே கொட்டேஷன் தரவும் முடியும். போக்குவரத்துத் துறை அதை உத்தரவாகப் போட வேண்டும். அதுவரை எந்தத் தாளிலும், ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. அதில் கூச்சப்பட எதுவுமில்லை.